சாமி வேளை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் சந்தனமாரியை இன்றும் விடவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் அவள். ஆகையால் மறுபடி சொல்ல நேர்ந்தால் எந்த இடத்தில் நாக்கு இடறும் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும். தன்யா பதினாறு இட்லி தின்ற வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பிப்பதா, அதற்கு முன்னால் தண்ணீர் லாரி ஒன்பது நாள் வராமல் போனதிலிருந்து ஆரம்பிப்பதா, இல்லை, அதற்கும் முன்னால் தன் வயிறு பசிப்பதை விட்டுவிட்ட வருஷத்திலிருந்து ஆரம்பிப்பதா என்று தட்டு கழுவும்போதெல்லாம் யோசிப்பாள். யோசனையில் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். நாம் வியாழக்கிழமையிலிருந்தே தொடங்குவோம்.

அரசன்திட்டு என்பது உப்பளங்களுக்கு நடுவே நாற்பது வீடுகள் உள்ள ஊர். அங்கே கிணறு தோண்டினாலும் உப்பு, குழாய் இறக்கினாலும் உப்பு, மழை பெய்தால்கூட ஓட்டிலிருந்து தரைக்கு இறங்குவதற்குள் கரிக்கத் தொடங்கிவிடும். குடிப்பதற்கு நல்ல தண்ணீர் வாரம் இரண்டு நாள் லாரியில் வரும். பெண்கள் எல்லாரும் வெயில் ஏறுவதற்கு முன்னால் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் கிழக்கு வெளுக்கும்போதே வாருபலகையைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். பால்வாடி ஒன்பதரைக்குத்தான் திறக்க வேண்டும், ஜெசிந்தா டீச்சர் டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர அந்நேரம் ஆகும்; ஆனாலும் ஆயா சந்தனமாரி விடியும்போதே கதவைத் திறந்து பாயை விரித்து வைத்திருப்பாள். ஏழு பிள்ளைகள் அம்மாக்களின் தோளிலிருந்து அவள் தோளுக்குத் தூக்கம் கலையாமல் மாறும். ஏழு பிள்ளைகளோடு ஏழு தூக்குச்சட்டியும் வரும்.

பிள்ளைகள் சாப்பிடுகிற விதம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. முப்பிடாதியின் மகள் தன்யா மூன்று வயது, காலையில் இரண்டரை இட்லி கேட்பாள், மத்தியானம் வாயைப் பூட்டிக்கொள்வாள். மாரிக்கனியின் மகன் உதயன் இரண்டு வயது, காலையில் எதைக் காட்டினாலும் அழுவான், மத்தியானம் தன் தட்டை முடித்துப் பக்கத்துத் தட்டுக்கு நகர்வான், மறுநாள் இரண்டு வேளையும் வேண்டாம் என்பான். ஸ்டெல்லாவின் மகள் ரெனிட்டாவுக்குப் பத்து மாதம். அவள் ஒருநாள் தின்ற கேழ்வரகுக் கூழை மறுநாள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். உப்பளத்திலிருந்து திரும்பி வரும் அம்மாக்கள் கால் கழுவும் முன்னே கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"எக்கா, தின்னாளா?"

"ரெண்டு வாய் வாங்குனா, பொறவு மூஞ்சியத் திருப்பிட்டா."

"நேத்து நல்லாத் தின்னாளே!"

டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். "ஒரு வேளை திங்கும், ஒரு வேளை திங்காது. ஒரு வேளையப் பாத்து அழாதீங்க. மூணு நாளையும் சேத்துப் பாருங்க, சரியா இருக்கும்" என்பாள். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு மறுநாளும் அதையே கேட்பார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தன்யா தன் சட்டியில் இருந்த இட்லிகளைத் தின்றாள். பிறகு உதயனுடைய சட்டியை எடுத்தாள், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. ஏழு வீட்டு இட்லி பதினாறும், ரெனிட்டாவின் கூழும் முடிந்ததும் சட்னியை விரலால் வழித்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு விளையாடப் போனாள். வயிறு எப்போதும்போல இருந்தது. மற்ற ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏப்பம் விட்டார்கள். ரெனிட்டாகூடச் சின்னதாக ஒன்று விட்டுவிட்டு ஆயாவின் மடியில் தூங்கிப்போனாள்.

மத்தியானம் உதயன் தின்றான், ஏழு பேர் சோற்றையும். ராத்திரி எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தின்றது என்பதை மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்றபோதுதான் பேசித் தெரிந்துகொண்டார்கள். பசி ஏழு பிள்ளைகளுக்கும் ஒன்றாகிவிட்டது. வேளைக்கு ஒரு பிள்ளையிடம் அது போய் உட்கார்ந்தது.

முதல் வாரம் ஓடினார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; அங்கே வயிற்றைத் தட்டிப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அம்மன் பீடத்தில் திருநீறு வாங்கினார்கள், ஸ்டெல்லா மாதா கோயிலில் ஜெபம் வைத்தாள், ஒருத்தி தர்காவுக்குப் போய்க் கயிறு வாங்கி ஏழு பேர் கையிலும் கட்டினாள். மாதக் கடைசியில் டீச்சர் எடை போட்டபோது ஏழு பிள்ளைகளும் ஆளுக்கு இருநூறு கிராம் ஏறியிருந்தார்கள், ஒருவருக்கு அதிகமும் இல்லை, ஒருவருக்குக் குறைவும் இல்லை. டீச்சர் தராசில் கோளாறு என்று வேறு தராசு வரவழைத்தாள். அதுவும் இருநூறு என்றது. அவள் அதை எழுதிக்கொண்டாள்; அதன் பிறகு யாரும் ஓடவில்லை.

ஓட்டம் நின்றதும் ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது. எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பசி வந்திருக்கிறதோ அந்த வீட்டுக் கொடியில் ஒரு சிவப்புத் துண்டைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. துண்டைப் பார்த்ததும் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் கிண்ணத்தோடு அங்கே போக வேண்டும். குடம் வைக்கிற இடத்துக்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்த முப்பிடாதியும் ஸ்டெல்லாவும் இப்படித்தான் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்தார்கள். மிதித்த பிறகு சண்டைக்கு வேறு காரணம் கிடைத்தது.

"ஏ ஸ்டெல்லா! வெள்ளிக்கெழம அதுவுமா எம் புள்ள வாயில சாளைமீன் வாடை அடிக்கி! நான் வெரதம் இருக்கேன், தெரியுமா?"

"எம் மக தின்னா, ஒம் மக ஏப்பம் விடுதா. ஏப்பத்துக்கு மீனு பிடிக்கும்போல. நான் என்ன செய்யட்டும் மதினி?"

பெருமையும் வந்தது. பசி தன் வீட்டுக்கு வாரத்தில் ஐந்து வேளை வந்ததாக ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள். பசிக்குத் தன் கை ருசி பிடித்துப்போயிற்று என்றாள். ஒன்பது நாளாகத் தன் பிள்ளையிடம் பசியே வராத மாரிக்கனி, உதயன் கொழுகொழுவென்று எதிரில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தின்னாத்தான புள்ள எக்கா? எங் கையால ஒரு வாய் வாங்கலியே" என்றாள். அவளுக்காகவே எல்லாரும் பசியிடம் வேண்டிக்கொண்டார்கள், பத்தாம் நாள் காலையில் அது உதயனிடம் போனது. மாரிக்கனி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சில வேளைகளில் பசி எந்தப் பிள்ளையிடமும் வராது. ஏழு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஏழு பேரும் ஏப்பம் விடுவார்கள். எட்டு வேளைக்கு ஒரு வேளை ஏறக்குறைய இப்படி ஆகும். யாரோ தின்றிருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் இல்லை, அப்படியானால் சாமிதான் என்று முப்பிடாதி சொன்னாள்; அதற்குச் சாமி வேளை என்று பேர் வந்தது. சாமி வேளையில் எந்தக் கொடியிலும் துண்டு இருக்காது. பெண்கள் அந்த ஒரு வேளை யாரையும் கெஞ்சாமல், யார் பின்னாலும் கிண்ணத்தோடு ஓடாமல் தலை சீவிக்கொண்டார்கள், ஈர்கொல்லியால் ஈர் இழுத்துப் பேன் பார்த்தார்கள், சும்மா படுத்து ஓட்டைப் பார்த்தார்கள். ஏழு வீட்டுச் சாப்பாட்டையும் உடைமரத்தடியில் இருக்கிற அம்மன் பீடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துவர ஆயாவை அனுப்பினார்கள்.

"சாமி வழிச்சு நக்கிட்டுல்லா போயிருக்கு! ஒரு பருக்கை இல்ல!" என்று முப்பிடாதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிக்கு ஊறுகாகூட வேணுமாம்" என்றாள் ஸ்டெல்லா.

சந்தனமாரி கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்த ஒன்றை எடுத்து மறுபடி கழுவினாள்.

இனி அவள் மட்டும் அறிந்ததைச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கேரளாவுக்கு மீன் கம்பெனி வேலைக்கென்று போனவன் அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். பிள்ளை இல்லை. முதல் மாதம் அவன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். இரண்டாம் மாதம் ஒரு தட்டை எடுத்துப் பரணில் போட்டாள். அதன் பிறகு எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அவளுக்குப் பசிப்பது நின்றுபோனது. மணி பார்த்துச் சாப்பிட்டாள், அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள், சில நாள் சாப்பிட்டோமா என்று சட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். பால்வாடி இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். அன்றைக்கு அவளுடன் யாரும் பேச வேண்டிய அவசியமே இருக்காது. சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்து, சத்தம் வருகிறது என்று தெரிந்தால் போதும் என்றிருப்பாள்.

தன்யா பதினாறு இட்லி தின்றதற்கு முந்தின நாள், தண்ணீர் லாரி வராமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கரிக்கிற தண்ணீரில் பொங்கிய சோற்றைப் பிள்ளைகள் தொடவில்லை. கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுக்கா என்று அம்மாக்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அரசன்திட்டில் சுற்றிப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. மற்ற ஊர்களைப்போல உப்பை அடுப்பில் போட மாட்டார்கள். உப்பில் பிழைக்கிறவர்கள் உப்பை நெருப்பில் போடலாமா? பிள்ளைக்கு ஒரு கை உப்பு தனித்தனியாக எடுத்து, வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி, பிள்ளையைத் துப்பச் சொல்லி, ஒரு செம்பு நல்ல தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். ஏழு பிள்ளைக்கு ஏழு செம்பு. பால்வாடியில் அன்றைக்குக் குடிக்க இருந்தது அரைக் குடம்.

சந்தனமாரி குடத்தைப் பார்த்தாள். பிள்ளைகளின் காய்ந்த உதட்டைப் பார்த்தாள். ரெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டாள், கீழே விட்டால் அழுவாள். மற்ற ஆறு பேரையும் தன்னைச் சுற்றி ஒட்டி உட்காரவைத்தாள், ஒரே ஒரு கை உப்பை எடுத்தாள், எல்லாரையும் சேர்த்து ஒரே வட்டமாகச் சுற்றினாள். நடுவில் இருந்தது அவள். கை அவளுடைய தலைக்குப் பின்னாலும் போய் வந்தது. பிறகு நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று, பால்வாடி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்புப் பாத்தியில் அதை விட்டெறிந்தாள். வெயில் காய்கிற பாத்தியில் விழுந்த உப்பு கரையாது, மேலும் மேலும் கட்டிக்கொண்டு வளரும். அந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ஆக வட்டத்துக்குள் இருந்தது ஏழு பேர் இல்லை, எட்டுப் பேர்.

பசி முதன்முதலாகத் தன்னிடம் வந்தபோது அவள் அதை வயிற்றுவலி என்றுதான் நினைத்தாள். பிறகு வாயில் எச்சில் ஊறியது. பதினோரு வருஷம் கழித்து வந்த பசி, அதுவும் எட்டுப் பேர் பசி! பிள்ளைகள் வேண்டாமென்று தள்ளிய ஏழு சட்டியையும் கதவைச் சாத்திக்கொண்டு தின்றாள், அழுதுகொண்டே தின்றாள், தின்று முடித்ததும் வெளியே ஏழு பிள்ளைகளும் ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து வீட்டில் பெரிய பானையில் சோறு வடித்து வைத்தாள். வேலையில்லாத நாளில் தன்னிடம் பசி வந்து, தான் தின்னாமல் இருந்து, ஏழு வீட்டில் ஏழு பிள்ளை வாடினால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. பீடத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து சாமியின் சாப்பாட்டைத் தின்னும்போது, யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வாய்க்கும் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைச் சோற்றைத் தின்ற ஆயா என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், பாயைச் சுருட்டிவிடுவார்கள். அவளுக்கு அந்தப் பாயைத் தவிர வேறு இடமில்லை.

ஆனாலும் இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் படுத்திருப்பாள், வீடு சத்தமில்லாமல் இருக்கும், திடீரென்று வயிற்றில் கதகதவென்று ஏதோ இறங்கும். ஆப்பம், தேங்காய்ப்பால், ஸ்டெல்லா வீடு. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, கொஞ்சம் உறைப்பு அதிகம், அது மாரிக்கனி. தெருவில் எங்கோ ஒரு பிள்ளைக்கு யாரோ ஊட்டுகிறார்கள், அந்த வாய் அவளுக்கும் வந்து சேருகிறது. அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எல்லாரும் தின்றாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இதை அவள் யாரிடம் சொல்ல முடியும்?

ஆவணி மாதம் மாரிக்கனியின் புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு, உதயனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையாட்டினார்கள். பசியைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மூன்று நாள் பசி இங்கேயே சுற்றியது. நாலாம் நாள் காலையில் யாருக்கும் பசி இல்லை. சாமி வேளை என்று பெண்கள் தலை சீவ உட்கார்ந்தார்கள். மத்தியானமும் இல்லை. ராத்திரியும் இல்லை. மறுநாளும் பீடத்தில் ஆறு வீட்டுச் சோறும் காய்ந்து கிடந்தது, காக்காய் கொத்தியது. சாமி வேளை இல்லை இது என்று அரசன்திட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அவள் வயிறும் சும்மாதான் இருந்தது.

பசி திருப்பூருக்குப் போய்விட்டது. புது ஊரை அது பார்த்ததில்லை, அதனால் உதயனை விட்டு நகரவில்லை. முப்பிடாதியின் போனில் மாரிக்கனி அழுதாள்.

"மதினி, இவன் தின்னுக்கிட்டே இருக்கான். ஒத்த ரூமு, நான் காலையில கம்பெனிக்குப் போவணும். நாலு இட்லி, ஒரு பன்னு குடுத்துப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போறேன். அந்தம்மா சொல்லுது, ஒம் பையனுக்கு வவுறா, நெல்லுப் பத்தாயமான்னு!"

நாலு இட்லி, எட்டுப் பேருக்கு. தன்யா விளையாடுவதை விட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாயில் எதை வைத்தாலும் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. பசி இல்லாத வாய் எப்படி விழுங்கும்? ரெனிட்டா பாலுக்குக்கூட அழவில்லை. பத்தாம் நாள் டீச்சர் எடை போட்டாள், ஆறு பிள்ளைகளும் அரைக் கிலோ இறங்கியிருந்தார்கள். அவள் இரண்டாவது தராசைக் கேட்கவில்லை. ரெனிட்டாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள், விட்டதும் அது தானாக விழுந்தது. "இது இப்படியே போனா..." என்றவள் மீதியைச் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகப் பால் ஊற்றலாம் என்றார்கள். முப்பிடாதி அம்மனுக்குக் கிடாய் நேர்ந்தாள். சாமிக்கு என்ன குறை வைத்தோம் என்று பீடத்தின் முன்னால் நின்று சண்டை போட்டாள். சந்தனமாரி பால்வாடிக்குள் ரெனிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். குழந்தை இறகு மாதிரி இருந்தது. மடியில் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். சந்தனமாரி குடமில்லாமல் போய் நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

"என்னக்கா நான்தான்?"

சொன்னாள். ஒரே கை உப்பைச் சுற்றியதைச் சொன்னாள், பாத்தியில் எறிந்ததைச் சொன்னாள். தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

"பாத்தியிலயா போட்ட? உப்பக் கொண்டு பாத்தியிலயா?" என்றாள் முப்பிடாதி. "ஒரு செம்புத் தண்ணிக்கா எம் புள்ளைங்களக் கட்டிப் போட்ட? ஒனக்கென்ன, பெத்தியா, வளத்தியா?"

ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "மதினி, வாய அடக்கு. ஒம்பது நாளு லாரி வரல. அந்த அரைக் கொடத்த எக்கா நம்ம புள்ளைகளுக்குத்தான குடுத்துச்சு? அது குடிக்கலியே."

முப்பிடாதி மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்: "வட்டத்துக்குள்ள எத்தன பேரு?"

"ஏழு புள்ள."

"நீ எங்க நின்ன?"

இந்த இடம்தான். இன்றைக்கும் சந்தனமாரி தட்டு கழுவும்போது வந்து நிற்கிற இடம் இது. பீடத்துக்குப் பின்னால் குனிந்து தின்ற சோறும், முப்பிடாதி கன்னத்தில் போட்டுக்கொண்டதும், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களும் ஒரே சமயத்தில் அவள் நினைவுக்கு வந்தன.

"வெளியத்தான் நின்னேன்" என்றாள்.

முறைப்படி தனித்தனியாகச் சுற்றி அவிழ்ப்பது என்று முடிவாகி, லாரித் தண்ணீரிலேயே ஏழு செம்பு பிடித்தார்கள். பிள்ளைகளை இந்தத் தடவை தள்ளித்தள்ளி உட்காரவைத்தார்கள். கட்டினவ கையாலதான் அவிழ்க்கணும் என்று முப்பிடாதி சொன்னதால் சந்தனமாரியே சுற்றினாள். உதயனுக்கு எப்படிச் சுற்றுவது என்று பெரிய பேச்சு நடந்தது. கடைசியில் போனில் அவன் முகத்தை வரவழைத்து, செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து, போனைச் சுற்றினார்கள். அவன் அந்தப் பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தான்.

"துப்பச் சொல்லு மாரிக்கனி!"

அவன் நன்றாகத் துப்பினான். "எம்மா! போனு வாங்கி ரெண்டு மாசந்தான் ஆச்சு!" என்று மாரிக்கனியின் சத்தம் மட்டும் வந்தது. சந்தனமாரி அவனுடைய உப்பைச் செம்பில் விட்டுக் கலக்கினாள். திரையைத் துடைத்து முகம் மறுபடி தெரிந்தபோது உதயன் பாதிப் பன்னை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான். "போதும்" என்றான். பதினோரு நாளாக அவன் சொல்லாத சொல்.

ஒவ்வொரு செம்பிலும் உப்பு கரையக் கரைய, சந்தனமாரியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் போனார்கள், பால்வாடி விடுகிற நேரத்தில் அம்மாக்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போவது போல. ஆறு போயிற்று. ஏழாவது ரெனிட்டா. உப்பு அவள் உள்ளங்கையில் இருந்தது. இதை மட்டும் விரல் இடுக்கில் நிறுத்திக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு பிள்ளை, மடியை விட்டு இறங்காத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாய் கூழ். அவள் ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லாவின் புருஷன் மங்களூருக்குப் படகு வேலைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தாள். கையை முழுவதும் விரித்துத் தண்ணீருக்குள் விட்டாள், விரல் இடுக்கையும் கழுவினாள். ரெனிட்டா வீரிட்டு அழுதாள். ஸ்டெல்லா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "பசிக்கி, எம் புள்ளைக்குப் பசிக்கி" என்று சிரித்துக்கொண்டே மாராப்பை விலக்கினாள். ஆறு பிள்ளைகளும் ஆறு மாதிரி அழுதார்கள். ஐந்து அம்மாக்கள் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். நாளைக்கே, நேத்துத் தின்னாளே இன்னைக்குத் திங்கலியே என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

முப்பிடாதி மட்டும் தன் குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி, தன்யாவின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, அவளை ஆயாவிடம் விட்டுப் போனாள். பிள்ளையைத் தன்னிடம் விட்டுப் போனதே மன்னித்ததுபோலத்தான் என்று சந்தனமாரி எடுத்துக்கொண்டாள்.

உப்பு கொண்டுவந்த காகிதத்தில் ஒரு கை உப்பு மீந்திருந்தது.

"ஆயாக்கு?" என்றாள் தன்யா.

"ஆயாக்கு வேண்டாம்."

"ஆயாக்கும்." தன்யா உப்பை இரண்டு கையாலும் அள்ளினாள். கை எட்டாததால் ஆயாவைச் சுற்றி ஓடினாள், ஒரு பக்கமாகவே ஓடினாள், எத்தனை சுற்று என்று அவளுக்கும் தெரியாது, பாதி உப்பு மணலில் சிந்தியது. "தூ சொல்லு" என்றாள். சந்தனமாரி துப்பினாள். தனக்குத் தானே சுற்றிக்கொள்ள முடியாது; பதினோரு வருஷத்தில் அவளுக்காக ஒருவர் சுற்றியது இதுதான் முதல் தடவை. தன்யா, தண்ணீர் மொண்டு ஊற்றிய இன்னொரு செம்பின் அடியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீருக்கு மேலே கையைக் கொண்டுபோனாள்.

அதில் விழுந்தால் தன் பசி தன்னிடம் வந்துவிடும். தன் பசி எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்; பதினோரு வருஷம் பசிக்காத பசி அது. அவள் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தாள், விரல் விரலாகப் பிரித்து உப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

அதைப் பாத்தியிலும் எறியவில்லை. பாத்தியில் போட்டால் அது வளர்ந்து யாரைப் போய்ப் பிடிக்குமோ? காலியான சத்துமாவு டப்பா ஒன்றில் போட்டு, நமுத்துப்போகாமல் இருக்க அதற்கு மேல் ஒரு பிடி அரிசியைப் போட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த உப்பு கரையாதவரை வட்டம் இருக்கும்; இப்போது வட்டத்துக்குள் அவள் ஒருத்திதான். பசி அவளிடம் வருகிறது, ஒருத்தி அளவுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது போலத்தான் வருகிறது. காலையில் மூன்று தோசை கேட்கும், மத்தியானம் எட்டிப் பார்க்காது, மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் திடீரென்று வந்து அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லும். டீச்சர் சொன்னபடி மூன்று நாளைச் சேர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றில் யார் வீட்டு ஆப்பமும் இறங்குவதில்லை. கையை வைத்துப் பார்க்கிறாள், அவளுடைய வயிறு மட்டும் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. உப்பளம் முழுவதும் தண்ணீராகி, குவித்து வைத்த உப்பெல்லாம் கசிய ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தனமாரி பயந்துபோய் டப்பாவைத் திறந்தாள். உப்பு கரையவில்லை. அரிசிதான் ஈரத்தைக் குடித்துக் கனத்திருந்தது. அந்த அரிசியை எடுத்துவிட்டு வேறு அரிசி போட்டாள். எடுத்ததைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. கஞ்சி காய்ச்சினாள், பரணில் கிடந்த இரண்டாவது தட்டை இறக்கித் தன் தட்டுக்கு மேல் மூடியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, உட்கார்ந்து குடித்தாள். அதற்கு உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. பிறகு டப்பாவின் மூடியை இறுக்கி, துணியை இரண்டு முடிச்சாகக் கட்டி, நாற்காலி போட்டு ஏறி, எந்தப் பிள்ளையின் கையும் எட்டாத உயரத்தில் பரணின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.